ஒரே ஃபேடருக்கு இரண்டு வேலை

நான்கு ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் (டிராக்) பதியும் நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர் ஒன்று பழையதாகக் கைக்கு வந்தது. கையேடு வரவில்லை. திருகுவது, தள்ளுவது, அழுத்துவது எல்லாம் சேர்த்து எண்ணினேன், நாற்பதைத் தாண்டியது. முதல் இரண்டு வாரம் அதை முறைத்துப் பார்த்ததுதான் மிச்சம்.

கேசட் சமாச்சாரம் சீக்கிரம் பிடிபட்டது. சாதாரண ஸ்டீரியோ கேசட்டில் ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு என நாடாவில் நான்கு தடங்கள். இந்தப் பெட்டி நான்கையும் ஒரே திசையில் எடுத்துக்கொள்கிறது. 1979இல் வந்த டியாக் போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற ரெக்கார்டர் காட்டிய வழி. என் பெட்டியும் அதைப் போல இரட்டை வேகம்தான், நொடிக்கு சுமார் 9.5 செ.மீ. அதனால் 60 நிமிடக் கேசட்டில் 15 நிமிடம்தான் கிடைக்கும். கேசட்டைத் திருப்பிப் போட்டால் எல்லாம் பின்னாலிருந்து முன்னால் ஒலிக்கும். பேய்ப் படத்துக்கு ஆகும்.

குமிழ்கள்தான் பாடாய்ப் படுத்தின. முதல் நாள் கிதாரைப் பதிந்தேன். ஹெட்ஃபோனில் கணீரென்று கேட்டது, மீட்டர் முள் மட்டும் அசையவே இல்லை. திரும்பப் போட்டால் ஒரே இரைச்சல், அதற்கு அடியில் எங்கோ கிதார். நான் ஏற்றிவைத்தது டேப் கியூ குமிழை. அது காதுக்கு மட்டும் போகிற வழி. அதை எவ்வளவு திருகினாலும் நாடாவுக்குத் தெரியாது. நாடாவுக்குப் போகிற ஒலியின் அளவை முடிவுசெய்வது டிரிம்மும் (உள்ளே வரும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) ஃபேடரும் (மேலும் கீழும் தள்ளும் அளவுக்கட்டை). ஃபேடரை 7க்கும் 8க்கும் நடுவே பட்டை அடித்திருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, உரக்க வாசிக்கும் இடத்தில் முள் சிவப்பைத் தொட்டுத் திரும்பும்வரை டிரிம்மைத் திருக வேண்டும். டிரிம்மைக் குறைவாக வைத்து ஃபேடரை உச்சிக்குத் தள்ளினால் வருவது இரைச்சல்தான்.

சரி, கிதார் ஒருவழியாக முதல் டிராக்கில் ஏறியது. இரண்டாவதில் குரல். முதல் சேனலின் (முதல் டிராக்குக்கான குமிழ் வரிசையின்) சுவிட்சை ‘டேப்’ பக்கம் மாற்றி, கிதார் கேட்க வேண்டுமே என்று அதன் ஃபேடரை ஏற்றிவைத்துப் பாடினேன். அப்புறம் போட்டுப் பார்த்தால் இரண்டாவது டிராக்கில் குரலும் கிதாரும் கட்டிக்கொண்டு கிடந்தன. பிரிக்க வழியே இல்லை.

அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரே ஃபேடர், சுவிட்ச் ‘மைக்’கில் இருந்தால் மைக்கின் ஒலியையும் ‘டேப்’பில் இருந்தால் நாடாவில் ஏற்கெனவே இருப்பதையும் ஏந்திக்கொண்டு வருகிறது. எதை ஏந்தி வந்தாலும் போகும் இடத்தைச் சொல்வது பேன் குமிழ். என் பெட்டியில் அதை இடப்பக்கம் திருப்பினால் 1, 3 டிராக்குகள். வலப்பக்கம் திருப்பினால் 2, 4. எந்த டிராக்கில் ரெக்கார்ட் சுவிட்ச் போட்டிருக்கிறதோ அங்கே ஏறிவிடும். கிதாரின் பேனை நான் நடுவில் விட்டிருந்தேன், அதனால் அது வலப்பக்கமும் போயிருக்கிறது. பழைய டிராக்கைக் கேட்டபடி பாடுவதற்கென்றே டேப் கியூ இருக்கிறது. அந்தச் சேனலின் ஃபேடரை அடியோடு இறக்கிவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், நான் செய்த அதே தப்பை வேண்டுமென்றே செய்தால் அதற்குப் பெயர் பவுன்ஸ். 1, 2, 3 மூன்றையும் ‘டேப்’பில் வைத்து, பேனை வலத்துக்குத் திருப்பி, நான்காவது டிராக்கில் மட்டும் ரெக்கார்ட் போட்டால் மூன்றும் ஒன்றாகக் கலந்து அங்கே சேரும். பழைய மூன்றும் காலி, மேலே எழுதலாம். கலந்ததைப் பிறகு பிரிக்க முடியாது. ஒவ்வொரு கலப்பிலும் இரைச்சல் கூடும், கூர்மை மங்கும். அதனால் குரலைக் கடைசிவரை கலக்காமல் வைத்துக்கொள்கிறேன்.

நாடாவின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் குமிழ் பற்றி ஒரு வரி: பதியும் முன் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தது தெரியாமல் பதிந்துவிட்டு, மறுநாள் அதை நடுவில் வைத்துப் போட்டேன். கீபோர்டோடு கிதார் சேரவே இல்லை, அரை மணி நேரம் கீபோர்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் பவுன்ஸின்போது நான்காவது சேனலின் ஃபேடரை ஏற்றியே விட்டுவிட்டேன், அதுவும் ‘டேப்’பில். போன ஒலி அதே வழியில் திரும்பி வந்து ஊளையிட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தேன். இப்போது அந்த ஃபேடருக்கு மேலே ஒரு காகிதத் துண்டை ஒட்டியிருக்கிறேன்: ‘கலக்கும்போது இறக்கு’.