ஒருவர் மட்டும் கடந்த வழி

காங்கேயத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையில் வேதாகமத்தின் 136ஆம் சங்கீதம் வாசிக்கப்படும் ஞாயிற்றுக்கிழமைகளில், போதகர் ஒவ்வொரு வசனத்தின் முற்பாதியையும் வாசிக்க, நாங்கள் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்று 26 முறை மறுமொழி சொல்லுவோம். அந்த வரி சிறுவயதிலேயே நாவில் பழகிவிட்டது; ஆனால் ‘கிருபை’ என்று நாங்கள் சொன்ன இடத்தில் மூலத்தில் நிற்கும் எபிரெயச் சொல்லின் கனம் எனக்கு நாற்பது வயதுக்குப் பிறகுதான் விளங்கியது.

அந்தச் சொல் ‘ஹெசெத்’. எபிரெய வேதாகமத்தில் ஏறத்தாழ 250 இடங்களில் வருகிறது. அவற்றில் பாதி சங்கீதங்களில் இருக்கின்றன. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை எரேமியா 31:3இல் ‘காருண்யம்’ என்றும், ஓசியா 6:6இல் ‘இரக்கம்’ என்றும், ரூத்தின் புத்தகத்தில் போவாஸ் ரூத்தைப் பாராட்டும் இடத்தில் ‘நற்குணம்’ என்றும் பெயர்க்கிறது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் பொருந்துகிறது என்றாலும், இவை யாவும் ஒரே சொல் என்பது வாசிப்பவருக்குத் தெரியாமல் போகிறது. இரக்கம் மனம் இளகும்போது பிறப்பது. ஹெசெத்தோ, வாக்குக் கொடுத்துவிட்ட உறவில், மனம் கசந்த நாளிலும் கைவிடாமல் நிற்கும் அன்பு.

என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு என்னை அழைத்துப்போனபோது, துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்தே விலை பேசி முடித்ததைக் கண்டிருக்கிறேன். கைக்குக் கை கொடுத்த பேச்சு அது. ஒருவர் மாறினால் மற்றவரும் விலகிக்கொள்ளலாம். உடன்படிக்கை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆதியாகமம் 15ஆம் அதிகாரம் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது. அங்கே தேவன் ஆபிராமோடு உடன்படிக்கை செய்கிறார்; அதற்காக ஆபிராம் மூன்று வயதுக் கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் நடுவாகத் துண்டித்து எதிரெதிராக வைக்கிறான். எபிரெயத்தில் உடன்படிக்கையை ‘வெட்டுதல்’ என்றே சொல்லுவார்கள். வாக்கை மீறினால் எனக்கும் இந்தக் கதி நேரட்டும் என்று அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோவது வழக்கம் என்பதை எரேமியா 34ஆம் அதிகாரத்திலிருந்து அறியலாம். ஆனால் ஆபிராம் கடக்கவில்லை. அவன் அயர்ந்த நித்திரையில் கிடக்க, தேவனைக் குறிக்கும் புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டுமே நடுவே கடந்துபோகின்றன. சாபத்துக்கு உட்படும் பொறுப்பைத் தேவன் தம்மேல் மட்டுமே ஏற்றுக்கொண்ட அந்த இரவை நான் எத்தனை முறை வாசித்தாலும் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் அமைதியாக இருக்கத் தோன்றுகிறது.

அதற்குப் பின் வந்த, ஆபிராமின் சந்ததியான இஸ்ரவேலின் சரித்திரம் பெரும்பாலும் மீறுதலின் சரித்திரமே. சீனாய் மலையடிவாரத்தில் பொன் கன்றுக்குட்டியை வணங்கி, கற்பலகைகள் உடைந்துபோன பிறகுதான், ‘மகா தயையும் சத்தியமுமுள்ள தேவன்’ என்று கர்த்தர் தம் நாமத்தைக் கூறுகிறார். அங்கே ‘தயை’ என்றிருப்பதும் ஹெசெத்தே. கற்பலகைகள் உடைவதற்கு முன்பு இது சொல்லப்பட்டிருந்தால் அதன் பொருளே வேறு.

மனிதரிடத்தில் இந்த அன்பு எப்படியிருக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த இடம் 2 சாமுவேல் 9ஆம் அதிகாரம். சவுல் அரசனின் மகனும் தாவீதின் நண்பனுமான யோனத்தான் இறந்து நெடுநாளான பின், அவனுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து, சவுலின் வீட்டில் மீதியானவன் எவனாவது உண்டா என்று தாவீது விசாரிக்கிறான். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடியபோது விழுந்து முடமான யோனத்தானின் மகன் மேவிபோசேத், லோதேபார் என்னும் ஊரில் மாகீரின் வீட்டில் இருப்பதாகத் தெரிகிறது. பழைய அரசனின் பேரனைப் புதிய அரசன் தேடினால் அது கொல்வதற்காகத்தான் என்று எவரும் அஞ்சியிருப்பார்கள். தாவீதோ சவுலின் நிலங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்து, தன் குமாரரோடு தன் பந்தியில் அவனை உட்காரவைக்கிறான். பந்தியில் யார் எங்கே உட்காருவது என்பதில் எங்கள் பக்கத்து விருந்துகள் காட்டும் கண்டிப்பை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்க வேண்டியதில்லை. இத்தனையும் நடந்த பின், அந்த அதிகாரம் முடிவது இப்படி: “அவனுக்கு இரண்டு காலும் முடமாயிருந்தது.”