ஒற்றைக் கோட்டுக்கு நடை பழக்குகிறேன்

கொஞ்ச காலமாக வீட்டில் ஒரு கோட்டை நடக்க வைக்கும் வேலையில் இருக்கிறேன். ‘லா லினியா’ கார்ட்டூனைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். திரை முழுக்க ஒரே நிறம், குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு ஓர் இடத்தில் மேலே ஏறி, முதுகாக வளைந்து, தலையாகி, பெரிய மூக்காக நீண்டு, வயிறு வழியாக இறங்கி மறுபடி தரையாகப் போய்விடும். அவ்வளவுதான் ஆள். கண் கிடையாது. பேச்சும் கிடையாது, அதாவது வாய் ஓயாமல் ஏதோ சத்தம் போட்டுக்கொண்டே இருப்பான், ஆனால் அதில் ஒரு மொழியும் இல்லை. ஜாலியாக நடந்து வருவான், திடீரென்று முன்னால் கோடு முடிந்திருக்கும், விழப் பார்த்துச் சமாளித்து நின்று, தன்னை வரைந்த ஓவியரைக் கூப்பிட்டுத் திட்டுவான். ஒரு நிஜக் கை பென்சிலோடு உள்ளே வந்து மீதிக் கோட்டைப் போட்டுக் கொடுக்கும். மறுபடி நடப்பான்.

இதை உருவாக்கியவர் ஓஸ்வால்டோ கவந்தோலி, இத்தாலிக்காரர், 1920-இல் பிறந்து 2007-இல் மறைந்தவர். 1969-இல் வந்த முதல் படங்கள் விளம்பரங்கள், லாகோஸ்தினா என்ற சமையல் பாத்திர நிறுவனத்துக்காக. அப்போது இத்தாலியத் தொலைக்காட்சியில் ‘கரோசெல்லோ’ என்று தினமும் இரவில் ஒரு நிகழ்ச்சி வரும், 1957 முதல் 1977 வரை ஓடியது. அதில் விளம்பரம் செய்ய ஒரு விதி உண்டு: முதலில் பொருளோடு சம்பந்தமில்லாத ஒரு குட்டிக் கதை சொல்ல வேண்டும், பொருளின் பெயர் கடைசியில்தான் வரலாம். அதனால் அந்தக் கோட்டு மனிதன் குக்கர் இல்லாமலேயே மக்களைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது, வைத்தான். பிறகு விளம்பரத்திலிருந்து வெளியே வந்து தனித் தொடராக 1986 வரை வந்துகொண்டிருந்தான், பல நாடுகளில் ஓடினான், அமெரிக்காவில் செசமி ஸ்ட்ரீட் நிகழ்ச்சியில்கூட வந்தான். இன்றைக்கும் என் அக்கா மகளுக்குப் போட்டுக் காட்டினால் அசையாமல் பார்க்கிறாள். ஏன் என்று எனக்குத் தெரிய வேண்டும், அதை யோசித்துக்கொண்டிருப்பதைவிடச் செய்து பார்ப்பது மேல் என்று தோன்றியது.

சாமான்களைப் பற்றி முதலில். ஓர் அக்ரிலிக் தகட்டில் இரண்டு துளை போட்டு, ஹார்டுவேர் கடையில் வாங்கிய இரண்டு சின்ன போல்ட்டுகளை மாட்டினேன், அடியில் எல்இடி பட்டை விளக்கு. ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, ஆபீஸ் பஞ்சிங் மெஷினில் துளை போட்டு போல்ட்டில் மாட்டினால் எத்தனை தாள் வைத்தாலும் இம்மியும் நகராமல் ஒரே இடத்தில் உட்காரும். இது ஒன்று சரியாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மேலே செல்போன், அசையாத ஒரு ஸ்டாண்டில். நொடிக்கு 12 படம்.

வெள்ளைக் கோடு வேண்டும் என்பதற்காகக் கறுப்புத் தாளும் வெள்ளைப் பேனாவும் தேடி அலைய வேண்டாம். வெள்ளைத் தாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து போட்டோ எடுத்து, கணினியில் நிறத்தைத் தலைகீழாக்கினால் போதும். இந்த வழி ரொம்பப் பழையது. 1908-இல் பாரிஸில் எமில் கோல் வரைந்த ‘ஃபான்டாஸ்மகோரி’ படமும் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்த மாதிரி இருக்கும், ஆனால் அது கறுப்பு மையில் தாளில் வரைந்து நெகட்டிவாக அச்சிட்டது. ஏறத்தாழ 700 படங்கள், ஒவ்வொன்றையும் இரண்டு முறை படம் பிடித்திருக்கிறார், மொத்தமாக ஓடுவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதிலும் ஓவியரின் கை உள்ளே வந்து வரைந்துவிட்டுப் போகும். என் மேஜையில் போனை வைத்து முதல் முறை நிறத்தைத் திருப்பியபோது, நூறு வருடத்துக்கு முந்தைய அந்த மனுஷன் செய்த அதே வேலையை நானும் செய்கிறேன் என்ற சந்தோஷம் பெரிதாக இருந்தது.

சரி, நடைக்கு வருகிறேன். சாதாரணமாக ஒரு கார்ட்டூன் உருவத்தை நடக்க வைக்க எல்லோரும் பழகும் நாலு நிலைகள் உண்டு: குதிகால் தரையைத் தொடுவது, உடல் பாரம் இறங்கித் தாழ்வது, ஒரு கால் மற்றதைக் கடப்பது, உடல் எழும்புவது. இவற்றுக்கு நடுவில் இடைப் படங்களைப் போட்டால் நடை வந்துவிடும். ஆனால் கோட்டு மனிதனுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தரைக்கோடு பின்காலின் குதிகாலில் ஏற வேண்டும், முன்காலின் நுனியிலிருந்து மறுபடி தரையாக இறங்க வேண்டும். நடக்கும்போது பின்கால் முன்காலாகிவிடுகிறதே, அப்போது எந்தக் கால் எந்தப் பக்கத் தரையைப் பிடித்துக்கொள்வது? கால்கள் கடக்கும் அந்த நொடியில் கோடு அறுந்து ஒட்டுவதுபோல் ஒரு துடிப்பு வந்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரம் உட்கார்ந்து வரைந்து வரைந்து பார்த்ததில், கடக்கும் நிலையில் இரண்டு கால்களையும் ஒரே தடித்த காலாக வரைந்துவிட்டால் போதும் என்று பிடிபட்டது. அந்த ஒரு படம் திரையில் இருப்பது நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதற்குள் கண் தானாகவே பின்காலை முன்காலாக்கிக்கொள்கிறது. அடுத்த படத்தில் கால்கள் பிரியும்போது யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

தரை இன்னொரு தொல்லை. ஒவ்வொரு தாளிலும் கோட்டைப் புதிதாக இழுத்தால் அது கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டு, ஓட்டிப் பார்க்கும்போது நடுங்கும். உடம்பில் அந்த நடுக்கம் அழகு, உயிர் இருக்கிற மாதிரி. தரையில் அதே நடுக்கம் வந்தால் நிலநடுக்கம் மாதிரி ஆகி, பார்க்கிறவர் கண் ஆளை விட்டுவிட்டுத் தரையைப் பார்க்கப் போய்விடும். அதனால் தரையை ஒரே தாளில் ஸ்கேல் வைத்து வரைந்து அடியில் போட்டுவிட்டு, ஆளுக்கு இரு பக்கமும் விரற்கடை தூரம் மட்டும் கையால் இழுத்துச் சேர்க்கிறேன். இப்போது அசைவது அவன் மட்டும்தான்.

நடை ஓரளவு வந்ததும் அடுத்ததாக எடுத்துக்கொண்டது கோடு முடியும் இடம். இங்கேதான் நான் தேடியது கிடைத்தது என்று நினைக்கிறேன். அவன் நடந்து வருகிறான், ஒரு கால் வெறும் காற்றில் இறங்குகிறது, உடம்பு முன்னால் சாய்கிறது, கையைச் சுழற்றிப் பின்னால் இழுத்துக்கொள்கிறான். இதெல்லாம் வரைய வேடிக்கையான பகுதி, ஆனால் ஓட்டிப் பார்த்தால் வெறும் விபத்து மாதிரிதான் இருந்தது. சிரிப்பு வரவில்லை, பாவமாகவும் இல்லை. கவந்தோலியின் படத்தைப் படம் படமாக நிறுத்திப் பார்த்தேன். சமாளித்து நின்ற பிறகு அவன் உடனே கத்துவதில்லை. நிற்கிறான். குனிந்து இல்லாத தரையைப் பார்க்கிறான், கண்ணே இல்லாதவன் மூக்கால் பார்க்கிறான்! அப்புறம் மெல்ல நிமிர்கிறான். அந்த நிமிர்வில்தான் கோபம் ஏறுகிறது, கத்தல் அதற்கும் பின்னால். அவன் யோசிப்பதை நாம் முதலில் பார்த்துவிடுகிறோம். வசனம் செய்ய வேண்டிய வேலையை அந்தத் தாமதம் செய்துவிடுகிறது.

அதை என் ஆளுக்கும் வைத்தேன். ஒரே படத்தை அரை நொடி அப்படியே நிறுத்தினால் வீடியோ சிக்கிக்கொண்ட மாதிரித் தெரிகிறது. அதே நிலையை மூன்று தாள்களில் திரும்பத் திரும்ப வரைந்து மாற்றி மாற்றி ஓட்டினால், ஆள் நகரவில்லை, ஆனால் கோடு லேசாகத் துடிக்கிறது, மூச்சு விடுகிறான். குனிவதற்கு முன் ஒரு மயிரிழை பின்னால் சாய வைத்தேன், நிமிர்வதற்கு முன் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்தேன். போட்டுக் காட்டியபோது அக்கா மகள் கேட்டாள், “சித்தி, யார் மேல கோபம் அவனுக்கு? உங்க மேலயா?” ஆமாம், என் மேல்தான். கண், புருவம், வாய், வார்த்தை எதுவும் இல்லாத ஒரு வளைவிலிருந்து ஏழு வயதுப் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டது. அன்று முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இதற்கு வெறும் மௌனம் காரணம் என்று நான் நினைக்கவில்லை. பேசாத கார்ட்டூன்கள் எத்தனையோ உண்டு. 1964-இல் குறும்படமாக வரத் தொடங்கிய பிங்க் பாந்தர் பேசாது, அதன் பலம் அவசரமே படாத அந்த நடையும் ஹென்றி மன்சினியின் சாக்ஸபோன் மெட்டும். 1993-இல் வந்த தொடரில் அதைப் பேச வைத்தார்கள், 2010-இல் வந்த தொடரில் மறுபடி பேச்சில்லாமல் விட்டுவிட்டார்கள். செக் நாட்டு ஸ்தெனெக் மிலரின் குட்டி மோல், க்ர்தெக், 1957-இல் வந்த முதல் படத்தில் பேசியது, எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் புரிய வேண்டும் என்று பிறகு பேச்சை எடுத்துவிட்டார் மிலர். சிரிப்பும் ஆச்சரியச் சத்தமும் மட்டும்தான், அதற்கும் தன் மகள்களின் குரலையே பயன்படுத்தினார். இவை எல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் லினியாவிடம் இருப்பது வேறு. அவன் உடம்பும் அவன் உலகமும் ஒரே கோடு. தரை அறுந்தால் அறுந்தது அவன்தான். அவனுக்கு என்ன ஆபத்து என்று தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை, வரைந்திருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. போதாக்குறைக்கு அவனைக் காப்பாற்றக்கூடியவரும் வம்புக்கு இழுப்பவரும் ஒரே ஆள், அந்தக் கைக்காரர். கேட்டதைக் கொடுப்பார், சில சமயம் கேட்டதில் ஒரு குறும்பு வைத்துக் கொடுப்பார். கையில் பேனாவோடு உட்கார்ந்து வரையும்போது இந்த உறவின் சுவை இன்னும் கூடுகிறது, ஏனென்றால் இப்போது அந்தக் கை நான்.

குரலையும் முயன்றேன். லினியாவுக்குக் குரல் கொடுத்தவர் கார்லோ பொனோமி. பின்னாளில் 1990-இலிருந்து பிங்கு என்ற களிமண் பென்குயினுக்கும் அவர்தான் குரல். மிலான் மத்திய ரயில் நிலையத்தில் பல வருடம் ஒலித்த அறிவிப்புக் குரலும் அவருடையது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல்: ஒரு பக்கம் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் சொல்ல வேண்டிய வேலை, இன்னொரு பக்கம் எழுத்தே இல்லாத வேலை. அவர் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், கெஞ்சல் எங்கே முடிந்து அதட்டல் எங்கே தொடங்குகிறது என்று துல்லியமாகத் தெரியும். இத்தாலிய மேடைக் கோமாளிகளிடம் இப்படி மொழியில்லாமல் பேசும் மரபு இருக்கிறது, பொனோமி அதில் வந்தவர்.

போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு நானும் உளறிப் பார்த்தேன். வாய்க்கு வந்த எழுத்துகளை அடுக்கினால் அது குழந்தை மழலைபோல் ஒலிக்கிறதே தவிர ஆளின் கோபமாக இல்லை. பிறகு வேறு வழி செய்தேன். சந்தையில் மீன் விலை கேட்டுச் சண்டை போடுவதுபோல் ஒரு நீளமான தமிழ் வாக்கியத்தை நிஜமாகவே கோபமாகச் சொல்லிப் பதிவு செய்து, அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுத்துகளை மாற்றிச் சொன்னேன். உடனே பொருந்திவிட்டது. எங்கே இழுக்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் எல்லாம் ஏற்கெனவே அந்த வாக்கியத்தில் இருக்கிறது. முயன்று பார்க்க நினைப்பவர்கள் இந்த வரிசையில் செய்யுங்கள், முதலில் குரல், அப்புறம் படம். குரல் இருந்தால் எந்தப் படம் எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது.

இப்போது கையில் இருப்பது: நடந்து வருகிறான், கோடு முடிகிறது, சமாளிக்கிறான், நிமிர்ந்து திட்டுகிறான். பின்னணி நிறத்தை அந்த நிமிர்வோடு சேர்த்து நீலத்திலிருந்து சிவப்புக்கு மாற்றியிருக்கிறேன். மூலத்திலும் மனநிலைக்குத் தகுந்தபடி நிறம் மாறும், செய்து பார்த்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய உதவி என்று புரிகிறது, ஏனென்றால் முகபாவம் இல்லாத இடத்தில் திரை முழுவதும் முகமாகிவிடுகிறது.

பாக்கி இருப்பது கை. கறுப்பு வெள்ளையைத் தலைகீழாக்கினால் என் கையும் பேய் மாதிரி ஆகிவிடும், அதனால் அதைத் தனியாக ஒரே நிறத் துணியின் மேல் படம் பிடித்து மேலே ஒட்ட வேண்டும். பென்சில் நுனி நகரும் வேகமும் கோடு வளரும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், முதலில் கையைப் படம் எடுத்து, ஒவ்வொரு படத்திலும் நுனி எங்கே இருக்கிறதோ அதுவரை கோட்டை வரையப் போகிறேன். பச்சைத் துணி வாங்கி வைத்தாயிற்று. இடைவெளியை அடைத்துக் கொடுப்பதா, இல்லை வழுக்கும் சறுக்கு ஒன்றைப் போட்டுக் கொடுப்பதா என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. அக்கா மகள் சறுக்குப் பக்கம்.