மஞ்சள் ஒயரில் இருந்த ஈயம்

கேபிள் சப்ளையர் தந்த உறுதிமொழிக் கடிதத்திலும் ஆய்வக அறிக்கையிலும் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வந்து இறங்கும் சரக்கை எந்தெந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் நாங்களும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கிடங்குக்குள் விடுவோம். பல வண்ண ஒயர்கள் சேர்ந்த கேபிள் அது. துண்டு வெட்டி அப்படியே கருவியில் வைத்தேன். ஈயம் 410 பிபிஎம், அதாவது எடையில் பத்து லட்சத்தில் 410 பங்கு. மின், மின்னணுச் சாதனங்களில் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஹ்ஸ் விதியில் ஈயத்தின் வரம்பு 1000. தேறியது என்று எழுதப் பேனாவை எடுத்துவிட்டேன்.

“இப்போது எதை அளந்தீர்கள், செம்பையா, பிளாஸ்டிக்கையா?” என்று கேட்டார் மூத்த பரிசோதகர். என்னிடம் பதில் இல்லை.

அந்த 1000 முழுக் கேபிளுக்கான கணக்கு அல்ல. மேற்கொண்டு பிரிக்க முடியாத ஒவ்வொரு சீரான பொருளும் தனித்தனியே அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். காட்மியத்துக்கோ வெறும் 100தான். நான் வைத்த துண்டில் கதிர்கள் மெல்லிய உறையைத் தாண்டிச் செம்பையும் தொட்டு, எல்லாவற்றையும் கலந்து ஓர் எண்ணைக் கொடுத்திருந்தன.

அன்று பிற்பகல் முழுக்க ஒயர்களை உரித்தேன். ஒவ்வொரு நிறத்தின் உறையையும் பொடியாக நறுக்கி, மாதிரிக் கிண்ணத்தில் சுமார் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு அழுத்தி நிரப்பினேன். விரல் நுனிகள் எரிந்தன. கறுப்பு, சிவப்பு, நீலம் மூன்றிலும் ஈயம் இல்லை என்றே சொல்லலாம். மஞ்சளில் 1,900! கூடவே குரோமியம் 480.

ஒவ்வொரு தனிமத்தையும் அது உமிழும் எக்ஸ்-கதிரின் ஆற்றலை வைத்தே, நிறமாலையில் கோடுகளாக, கருவி அடையாளம் காண்கிறது. ஆர்செனிக்கின் முதன்மைக் கோடும் ஈயத்தின் ஒரு கோடும் ஏறக்குறைய ஒரே ஆற்றலில் விழும் என்பதால் முதலில் கருவியைத்தான் சந்தேகித்தேன். நிறமாலையைத் திறந்து பார்த்தால், 12.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஈயத்தின் இன்னொரு கோடும் தெளிவாக நின்றது. ஈயத்துக்கும் குரோமியத்துக்கும் இருந்த நான்குக்கு ஒன்று என்ற எடை விகிதம் மீதியைச் சொன்னது. அது ஈயக் குரோமேட், மஞ்சள் நிறமி.

வெளி ஆய்வகத்தின் வேதிப் பகுப்பாய்வும் ஈயத்தை உறுதிசெய்தது. பிறகுதான் சப்ளையரின் அறிக்கையை வரி வரியாகப் படித்தேன். எல்லா நிறங்களையும் ஒன்றாக அரைத்துச் சோதித்திருக்கிறார்கள்! மஞ்சளின் ஈயம் மற்ற நிறங்களில் கரைந்து வரம்புக்குள் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. நானும் காலையில் அதே தவற்றைத்தான் செய்தேன் என்பதால் கடிதத்தின் தொனியைக் குறைத்துக்கொண்டேன். சரக்கைத் திருப்பி அனுப்பினோம். இனி நிறவாரியாக அறிக்கை வேண்டும் என்று கேட்டோம்.

உறையை மென்மையாக்கும் தாலேட்டுகளை இந்தக் கருவி காணவே காணாது. 2019 ஜூலை முதல் நான்கு வகைத் தாலேட்டுகளுக்கும் அதே விதியில் வரம்பு இருப்பதால், அவற்றுக்கு வாயு நிறப்பகுப்புச் சோதனை தனியே தேவை. அதையும் கடிதத்தில் சேர்த்தேன்.

மாற்றுச் சரக்கு வந்தபோது மஞ்சளை முதலில் உரித்தேன். ஈயம் தென்படவில்லை. மற்ற நிறங்களையும் ஒன்று விடாமல் உரித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட்டேன்.