ஒரே கடியில்: என் பர்கர் நாட்குறிப்பு

ஜூன் 7, 2025

நல்ல பர்கர் எது என்பதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது: கடி. பன், கறி, சீஸ், வெங்காயம், வினிகரில் ஊறிய வெள்ளரி எல்லாம் ஒரே கடியில் சேர்ந்து வாய்க்குள் வர வேண்டும். பல் வைத்து அழுத்தியதும் கறி பின்பக்கம் நழுவினாலோ, தக்காளி முழு வட்டமாக உருவிக்கொண்டு வந்தாலோ, உள்ளே எவ்வளவு உயர்ந்த பொருளைப் போட்டிருந்தாலும் அந்தப் பர்கரில் வேலை மீதம் இருக்கிறது என்றுதான் சொல்வேன். குச்சி குத்தி நிறுத்தி வைக்கிற நாலடுக்குப் பர்கர்கள் படத்தில் நன்றாக இருக்கின்றன. வாய் அவ்வளவு திறக்காதே!

கறி அரைப்பதிலிருந்து பன் சுடுவது வரை எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்து, ஒவ்வொன்றும் அந்தக் கடிக்கு என்ன தருகிறது என்று எழுதி வைக்கப் போகிறேன்.

ஜூன் 8

இன்று கறி மட்டும். மாட்டின் கழுத்தை ஒட்டிய தோள் பகுதியை வாங்கினேன். அது நன்றாக உழைத்த தசை, அதனால் சுவை அதிகம், கொழுப்பும் இழையோடியிருக்கும். பர்கருக்கு எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம் கொழுப்பு வேண்டும். அதைவிடக் குறைந்தால் வெந்த பிறகு வறண்டு போகிறது. மெலிந்த கறிதான் தரமான கறி என்று நினைத்துக்கொண்டு வாங்குபவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லலாம்.

கறியைச் சதுரங்களாக வெட்டி, ஓரம் விறைக்கும் வரை ஃப்ரீசரில் வைத்தேன். அரைக்கும் மெஷினின் கத்தியும் சல்லடைத் தட்டும்கூட உள்ளே போயின. கொழுப்பு குளிர்ந்து கெட்டியாக இருந்தால்தான் கத்தியில் துணுக்குத் துணுக்காக வெட்டுப்படும். இளகிவிட்டால் மசிந்து கறியெங்கும் பூசிக்கொள்ளும், அடுப்பில் ஏறியதும் உருகி வெளியே ஓடிவிடும். தட்டிலிருந்து விழும்போது இழை இழையாக, சிவப்பும் வெள்ளையும் தனித்தனியாகத் தெரிந்தது. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் உப்பு. ஒரு பாதியில் உப்பைக் கலந்து பிசைந்து அரை மணி நேரம் வைத்தேன். இன்னொரு பாதியைப் பிசையாமல் லேசாகத் திரட்டி, கல்லில் போடும் நேரத்தில் மேலே மட்டும் தூவினேன். இரண்டும் ஒரே கறி, ஒரே எடை. முதலாவது ரப்பர் போலத் துள்ளியது, கத்தியால் வெட்டினால் சாசேஜ் மாதிரி வழுவழுப்பான முகம் தெரிந்தது. இரண்டாவது பல் பட்டதும் பொலபொலவென்று பிரிந்தது. தசையில் மயோசின் என்று ஒரு புரதம் இருக்கிறது. உப்பு அதைக் கரைத்து வெளியே கொண்டுவரும், பிசையப் பிசைய அது பசையாகித் துணுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சாசேஜுக்கு அந்தப் பிடிப்பு தேவை. பர்கரில் அதே பிடிப்பு கடியைக் கெடுத்துவிடுகிறது. முட்டை, ரொட்டித்தூள், நறுக்கிய வெங்காயம் எதையும் உள்ளே சேர்க்க நான் சம்மதிக்காததும் இதனால்தான். கறி தன் கொழுப்பாலேயே சேர்ந்து நிற்கும். கை எவ்வளவு குறைவாகப் படுகிறதோ அவ்வளவு நல்லது.

ஜூன் 14

முறுகல் நாள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கறியை 60 கிராம் உருண்டைகளாக, இறுக்கிப் பிடிக்காமல் உருட்டி, ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். கனமான வார்ப்பிரும்புக் கல்லைப் புகை கிளம்பும் வரை காய வைத்தேன். எண்ணெய் வேண்டாம். உருண்டையை வைத்து, மேலே ஒரு பட்டர் பேப்பர் துண்டு, அதற்கு மேல் அடி தட்டையான கனத்த பாத்திரம். உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து ஒரே அழுத்து. பத்து எண்ணும் வரை அப்படியே பிடித்திருந்து, பேப்பரை உரித்துவிட்டு உப்பு தூவ வேண்டும்.

அழுத்தினால் சாறு போய்விடும் என்கிறார்களே என்று தங்கை கேட்டாள். எப்போது அழுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் அரை நிமிடத்துக்குள் உள்ளே கொழுப்பு இன்னும் குளிர்ந்து கெட்டியாக இருக்கிறது, சாறும் திசுவை விட்டு வெளியே வரவில்லை. அப்போது அழுத்தினால் போவதற்கு ஒன்றுமில்லை. பாதி வெந்த பிறகு கரண்டியால் அழுத்துவதுதான் கொடுமை. கல்லில் சுர்ரென்று சத்தம் வருகிறதே, அது அத்தனையும் நாம் சாப்பிட்டிருக்க வேண்டியது.

அழுத்துவதால் கிடைப்பது தொடுபரப்பு. கறி முழுவதும் கல்லோடு ஒட்டினால் முழுவதும் முறுகும். 1912-ல் லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் சேர்ந்து பழுப்பாவதை எழுதினார். சுட்ட ரொட்டி, வறுத்த காப்பிக் கொட்டை, பர்கரின் அடிப்புறம் மூன்றிலும் நடப்பது அதுதான். 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அது வேகம் பிடிக்கும். ஆனால் கறியின் மேல் ஈரம் இருக்கும் வரை, அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கல் சூடாக இருப்பது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால் இதனால்தான்: ஈரம் சட்டென்று ஆவியாகிப் போக வேண்டும், இல்லாவிட்டால் கறி தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும்.

ஒன்றரை நிமிடம் போல ஆனதும் ஓரங்கள் லேஸ் துணி போலப் பொரிந்து, மேல்புறத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன. இப்போது திருப்புவதற்குக் கூர்மையான தட்டைச் சுரண்டி வேண்டும். கல்லோடு ஒட்டியிருக்கும் பழுப்புப் பகுதிதான் பர்கரின் உயிர். அது கல்லில் தங்கிவிடாமல் அடியோடு வழித்து எடுக்க வேண்டும். திருப்பியதும் சீஸ், அரை நிமிடம், முடிந்தது.

மெல்லிய பேட்டி, அதாவது தட்டிச் சுட்ட கறி வட்டம், இரண்டை அடுக்கினால் நாலு முறுகல் பக்கங்கள் கிடைக்கின்றன. அதே எடைக்கு ஒரு தடித்த பேட்டியில் இரண்டுதான். கடியில் இந்த வித்தியாசம் முதல் நொடியிலேயே தெரிகிறது.

ஜூன் 19

தடித்த பேட்டிக்கும் நியாயம் செய்ய வேண்டும். 170 கிராம், பன்னைவிட ஒரு சென்டிமீட்டர் அகலமாகத் தட்டினேன், ஏனென்றால் வேகும்போது சுருங்கும். நடுவில் கட்டை விரலால் ஒரு குழி. சூட்டில் ஓரங்கள் முதலில் சுருங்கி உள்பக்கம் இழுக்க, நடுப்பகுதி பந்து மாதிரி உப்பிவிடும். குழி இருந்தால் அது நிரம்பிச் சமமாகிறது.

இங்கே தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். அரைத்த மாட்டுக்கறியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் அளவு. முழுத் துண்டுக் கறியில் கிருமிகள் மேற்பரப்பில்தான் இருக்கும், சுட்டதும் போய்விடும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு முழுவதும் உள்ளே கலந்துவிடுகிறது. 1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பர்கர்களிலிருந்து ஈ. கோலை என்ற கிருமி பரவி 700-க்கும் அதிகமானவர்கள் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். நடுவில் சிவப்பாக இருந்தால்தான் ருசி என்ற பேச்சை என் அடுப்படியில் நான் ஏற்பதில்லை. கொழுப்பு சரியாக இருந்தால் 71 டிகிரியிலும் சாறு இருக்கும். இன்று இருந்தது.

ஜூன் 22

பன். கறிக்கு இவ்வளவு மெனக்கெட்டுவிட்டுப் பன்னை விட்டுவிடுவது அநியாயம். கையில் முதலில் படுவதும் வாயில் முதலில் படுவதும் பன்தான்.

அதற்கு இரண்டு எதிரெதிரான குணங்கள் வேண்டும். பல்லுக்கு உடனே வழிவிட வேண்டும், ஆனால் சாறு பட்டதும் கூழாகிவிடக் கூடாது. ஓடு கெட்டியான ரொட்டியில் பர்கர் செய்தால் கடிக்கக் கடிக்க உள்ளிருப்பது எல்லாம் பிதுங்கி வெளியேறும். ரொட்டியைத் துண்டாக்கப் போட்ட அழுத்தத்தைக் கறி தாங்காது.

500 கிராம் மைதா எடுத்து, அதிலிருந்து 25 கிராமை 125 கிராம் பாலில் கரைத்து, கிளறிக்கொண்டே 65 டிகிரி வரை சூடாக்கினேன். கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியானது. டாங்ஜோங் என்று ஆசியப் பேக்கரிகளில் செய்கிற முறை. மாவுச்சத்து சூட்டில் நிறைய நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதனால் பன் மிருதுவாக இருக்கும், மறுநாளும் காய்ந்து போகாது. கஞ்சி ஆறியதும் மீதி மைதா, இன்னும் 170 கிராம் பால், ஒரு முட்டை, 40 கிராம் சர்க்கரை, 10 கிராம் உப்பு, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். நன்றாகப் பிசைந்து இழுவை வந்த பிறகுதான் 60 கிராம் வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். வெண்ணெய் முதலிலேயே போனால் மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரத வலை உருவாவதைத் தடுக்கும்.

கையில் கொஞ்சம் ஒட்டுகிற மாவாகவே இருக்கும், பயந்து மைதா தூவ வேண்டாம். இரு மடங்காக உப்பியதும் 85 கிராம் உருண்டைகள், மறுபடி உப்பவிட்டு, மேலே முட்டை பூசி, 190 டிகிரியில் பதினைந்து பதினாறு நிமிடம். வீடு முழுக்க மணந்தது.

சுட்ட பன்னைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் வெண்ணெய் தடவி, கல்லில் பொன்னிறமாக வாட்டுவது கடைசி வேலை. அவசரமானாலும் இதைத் தவிர்க்காதீர்கள். வாட்டிய முகம் காய்ந்து இறுகியிருக்கும், வெண்ணெயும் மேலே பூசியிருக்கும், சாறு உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். சாப்பிட்டு முடிக்க அந்த நேரம் போதும்.

ஜூன் 29

சீஸ் பற்றி ஒரு கட்சி எடுக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் தனியாக ருசிக்க முதிர்ந்த செடார்தான். பர்கரில் பிராசஸ்டு சீஸ் துண்டு. முதிர்ந்த செடாரைச் சூடாக்கினால் எண்ணெய் தனியே பிரிந்து, மீதி திரிதிரியாகிறது. பிராசஸ்டு சீஸில் சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகள் சேர்கின்றன. 1911-ல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஸ்டெட்லர் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த உப்பு சீஸின் புரதத்தைப் பிணைத்திருக்கும் கால்சியத்தைப் பறித்துக்கொள்ளும். விடுபட்ட புரதம் கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால் சாஸ் போல வழிந்து இரண்டு பேட்டிகளையும் ஒட்ட வைக்கிறது. கடியில் எதுவும் நழுவாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

வெங்காயத்துக்கு அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில முறை. அங்கே எல் ரீனோ என்ற ஊரில் 1920-களிலிருந்து செய்து வருகிறார்கள்: காகிதம் போல மெல்லியதாகச் சீவிய வெங்காயத்தை ஒரு கைப்பிடி உருண்டையின் மேல் குவித்து, சேர்த்து அழுத்தி, திருப்பிப் போடுவது. கறிக் கொழுப்பிலேயே வெங்காயம் வதங்கி இனிக்கிறது, அதன் ஆவி மேல் வைத்த பன்னுக்கும் ஏறுகிறது. கறியின் அளவைக் கூட்டிக்காட்டப் பிறந்த யோசனையாம். ருசியில் அது கறியையே தூக்கி நிறுத்திவிட்டது. இன்று இரண்டாவது பர்கரையும் இதே முறையில் செய்து சாப்பிட்டேன்.

ஜூலை 5

தங்கை கறி சாப்பிடுவதில்லை. "அண்ணா, எனக்கு மட்டும் உருளைக்கிழங்கு வடையைப் பன்னில் வைத்துக் கொடுத்து ஏமாற்றாதே" என்று முன்பே சொல்லிவிட்டாள். நியாயமான கோரிக்கை. மரக்கறி பேட்டியின் சிக்கல் ஈரம்; ஈரம் இருந்தால் உள்ளே கொழகொழவென்று நின்று, கடித்ததும் பிதுங்கும். அதனால் வேகவைத்த கறுப்பு பீன்ஸைத் தட்டில் பரப்பி, ஓவனில் தோல் வெடித்து மேல்புறம் காயும் வரை வாட்டினேன். காளானைப் பொடியாக நறுக்கி, நீர் வற்றி ஓரம் பழுப்பாகும் வரை வதக்கினேன். காளானில் இயல்பாகவே குளூட்டமேட் இருக்கிறது. 1908-ல் கிகுனே இகேதா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்து உமாமி என்று பெயரிட்ட சுவைக்குக் காரணமானது அதுதான். பீன்ஸைப் பாதி மசித்து, பாதி முழுசாக விட்டு, காளான், வறுத்த முந்திரித் துணுக்கு, கொஞ்சம் ரொட்டித்தூள், முட்டை. ஆமாம், இதில் ரொட்டித்தூளும் முட்டையும் வேண்டும். சேர்த்துப் பிடிக்க இங்கே கறியின் கொழுப்பு இல்லை.

அடுக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். அடிப் பன்னில் மயோனைஸ், கடுகு சாஸ், கொஞ்சம் கெட்சப், பொடியாக நறுக்கிய ஊறிய வெள்ளரி கலந்த சாஸ். அதன் மேல் மெலிதாகச் சீவிய லெட்யூஸ். முழு இலையாக வைத்தால் அதன் மேல் எல்லாம் வழுக்கும். அப்புறம் சீஸ் உருகிய பேட்டிகள், வெள்ளரி வட்டங்கள், மேல் பன். வினிகரின் புளிப்பு கொழுப்பை அறுத்துவிடுவதால் அடுத்த கடிக்கு நாக்கு தயாராகிறது. தக்காளி போட்டால் மெல்லிய துண்டாக, உப்பிட்டுத் தாளில் ஒற்றி நீரை எடுத்த பிறகு போடுவேன்.

தங்கை முதல் கடியிலேயே பேட்டி நழுவுகிறதா என்று திருப்பிப் பார்த்தாள். நழுவவில்லை. காளானை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பழுப்பாக்கச் சொல்லியிருக்கிறாள், முந்திரிக்குப் பதில் வால்நட் போட்டுப் பார்க்கலாமாம். நாளைக்கே பீன்ஸ் ஊறப் போட்டுவிடுகிறேன்.