மத்தியானத்தில் மட்டும் ஒழுகும் பாட்டில்

அம்மாவுக்கு ஆறு மாதமாக விரல் மூட்டுகளில் வலி. காலையில் எழுந்ததும் கை மடங்காது. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் பாட்டிலை அமுக்குவது பெரும்பாடு. இரண்டு கையாலும் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவார்; ஒன்றும் வராது, அப்புறம் குபுக்கென்று அரைக் கரண்டி கொட்டும். “இதுக்குப் பேசாம கிண்ணத்துலயே ஊத்தி வச்சிரலாம்டா” என்றார். கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் ஒரே நாளில் தண்ணீர் சேர்ந்து சளசளவென்று ஆகிவிடும். சரி, நாமே ஒன்று செய்து பார்ப்போம் என்று சித்திரை தொடக்கத்தில் உட்கார்ந்தேன். இன்று வைகாசி பாதி.

திட்டம் எளிதுதான். பாட்டிலைத் தலைகீழாகச் சுவரோடு சாய்த்து மாட்ட வேண்டும். அம்மா இடது கையில் ஸ்க்ரப்பரைக் கீழே நீட்டி, வலது உள்ளங்கையால் பாட்டிலைச் சுவரை நோக்கி அழுத்தினால் போதும். விரலுக்கு வேலை இல்லை, இன்னொரு கையின் வேலையைச் சுவர் பார்த்துக்கொள்ளும். பிவிசி பைப் கிளாம்ப் இரண்டு, ஸ்க்ரூ நாலு. அது அரை மணி நேர வேலை.

பாட்டில் தேர்வில்தான் முதல் பாடம். வீட்டில் கிடந்ததை எல்லாம் கவிழ்த்து அடியில் பிளாஸ்டிக் ரகத்தைச் சொல்லும் முக்கோண எண்ணைப் பார்த்தேன். 1 என்றால் பெட் (PET) பிளாஸ்டிக். தண்ணீர் பாட்டில் ரகம். அமுக்கினால் படபடவென்று ஒடுங்கும், ஒடுங்கிய இடம் அப்படியே நிற்கும். 2 என்றால் அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன். பழைய ஷாம்பு டப்பா அதுதான், அம்மாவின் கைக்கு மரக்கட்டை. 4 என்பது அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன். ஃப்ரைட் ரைஸ் கடையில் சாஸ் பிதுக்கும் சிவப்பு பாட்டிலைக் கையில் எடுத்திருக்கிறீர்களா? குழைவாக உள்ளே போகும், விட்டதும் பழைய உருவத்துக்குத் திரும்பும். அரை லிட்டர் பாட்டில் பாத்திரக்கடையில் 40 ரூபாய். 1933-ல் இங்கிலாந்தின் ஐசிஐ என்ற ரசாயன நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேறு எதையோ தேடியபோது மெழுகு மாதிரி ஒரு வெள்ளைப் பொருள் கிடைத்தது. அதுதான் பாலிஎத்திலீன். போர்க்காலத்தில் ரேடார் கேபிள்களுக்கு உறையாகி, பிறகுதான் அடுக்களைக்கு வந்தது.

மூடியில் 3 மி.மீ. துளை போட்டுத் தலைகீழாக மாட்டினேன். இரவு முழுக்க ஒரு சொட்டு விழவில்லை. காலையில் அம்மா அழுத்தினார், அளவாக வந்தது. வெற்றி என்று அலுவலகம் கிளம்பிவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சிங்க் மேடையில் சோப்புக் குட்டை.

மறுநாளும் அதே கதை. பாட்டில் நிறைய இருந்த நாளில் ஒழுகவில்லை, பாதி காலியான பிறகுதான் ஒழுகியது. அதுவும் மத்தியானத்தில்தான். இது எனக்கு இரண்டு நாள் பிடிபடவே இல்லை. மூடியைக் குறை சொல்லி டெஃப்லான் டேப் சுற்றினேன், வீண். ஞாயிற்றுக்கிழமை பாட்டில் முன்னாலேயே நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. எங்கள் சிங்க் மேற்கு ஜன்னலை ஒட்டியது. இரண்டு மணிக்கு வெயில் நேராகப் பாட்டில் மேல் விழுகிறது. உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிகிறது, விரிந்த அளவுக்குச் சோப்பை வெளியே தள்ளுகிறது. கணக்குப் போட்டேன். பாதி பாட்டிலில் காற்று 250 மி.லி. 28 டிகிரியில் இருந்து 40 டிகிரிக்குப் போனால் 4 சதவீதம் விரியும். அதாவது 10 மி.லி., இரண்டு தேக்கரண்டி. குட்டையை ஊசி போடாத சிரிஞ்சால் உறிஞ்சி அளந்தேன்: 9 மி.லி. மதுரை வெயிலில் பாட்டில் மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். நிறைந்த பாட்டிலில் காற்று குறைவு, மூச்சும் குறைவு.

அப்படியானால் துளைக்கு ஒரு கதவு வேண்டும். சைக்கிள் ட்யூபில் வட்டமாக வெட்டி, பிளேடால் சிலுவைக் கீறல் போட்டு மூடிக்குள் வைத்தேன். தட்டையான ரப்பர் சோப்பின் எடைக்கே வெளியே தொப்பை போட்டது. கீறல் வாயைப் பிளந்துகொண்டு அழுதது.

அப்புறம்தான் தலைகீழாக நிற்கும் சாஸ் பாட்டிலின் மூடியைப் பிரித்தேன். உள்ளே சட்டைப் பொத்தான் அளவு சிலிக்கோன் வால்வு. இதை ஒரு நாள் முழுக்கக் கையில் வைத்து உருட்டியிருப்பேன். நடுவில் சின்னக் குழிந்த கிண்ணம், அதன் மேல் கூட்டல் குறி மாதிரி கீறல். குழி வெளிப்பக்கம் பார்க்கிறது, முதுகு திரவத்தின் பக்கம். வெளிப்பக்கம் வாய் வைத்து ஊதினால் லேசாகத் திறந்து காற்று உள்ளே போகிறது. உள்பக்கம் ஊதினால் திறப்பதில்லை. நான்கு இதழும் ஒன்றை ஒன்று நெருக்கி, செங்கல் வளைவு பாரம் தாங்குவதுபோல இறுகுகின்றன. இன்னும் அழுத்தி ஊதினால் கிண்ணமே டப்பென்று மறுபக்கம் புரள்கிறது, இதழ்கள் விரிகின்றன. ஊதுவதை நிறுத்தினால் திரும்ப உள்ளே புரண்டு மூடுகிறது. சொட்டு தொங்காமல் சுத்தமாக வெட்டிவிடுவதும், விட்டதும் பாட்டில் தன் காற்றை உறிஞ்சிக்கொள்வதும் இந்த ஒரு புரளலால்தான். அமெரிக்காவின் மிச்சிகனில் பால் பிரவுன் என்ற அச்சு வார்ப்புப் பட்டறைக்காரர் ஷாம்பு பாட்டிலுக்காக 1991-ல் உருவாக்கியது இது. நூறு மாதிரிகளுக்கு மேல் தோற்ற பிறகே சரியானது வந்ததாம். இதே வால்வோடு ஹெயின்ஸ் நிறுவனத்தின் தலைகீழ் கெச்சப் பாட்டில் 2002-ல் வந்தது. நான் ட்யூப் ரப்பரோடு ஒரே ஒரு தடவை தோற்றதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

வால்வை என் மூடியில் பொருத்துவது தனிக் கூத்து. பாலிஎத்திலீனிலும் சரி, சிலிக்கோனிலும் சரி, சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. ஒட்டியது மாதிரி இருந்து தோலாக உரிந்து வந்தது. கடைசியில் பழைய ஹவாய் செருப்பில் வாஷர் வெட்டி, வால்வின் விளிம்பை அதற்கும் மூடிக்கும் நடுவே இறுக்கினேன். பசையே இல்லை. நின்றது.

இதற்குள் இன்னொரு வில்லங்கம். அம்மா வழக்கம்போல லிக்விடில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துவிட்டார். (“அப்படியே ஊத்துனா கட்டுபடியாகுமா?” நியாயம்தான்.) நீர்த்துப் போனதால் அழுத்தினால் பீய்ச்சி அடித்தது. கல் உப்பை வெந்நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினேன். கண் முன்னாலேயே கெட்டிப்பட்டது. ஆசைப்பட்டு இன்னும் விட்டேன். மறுபடியும் தண்ணீராகிக் கலங்கிவிட்டது. அந்தக் கலவையை பாத்ரூம் கழுவ வைத்துக்கொண்டு புதிதாகக் கலக்கினேன்.

வால்வு வைத்த பிறகு மத்தியானக் குட்டை சிறியதானது, போகவில்லை. காற்று சேர்ந்து சேர்ந்து அழுத்தி, ஒரு கட்டத்தில் வால்வைப் புரட்டிவிடுகிறது. விரியும் காற்றுக்கு வேறு வழி கொடுக்க வேண்டும். பாட்டிலின் அடியில், அதாவது இப்போது மேலே இருக்கும் பக்கத்தில், கோணி ஊசியைக் காய்ச்சி ஒரு துளை போட்டேன். குட்டை நின்றது. ஆனால் அம்மா அழுத்தினால் மேலே ‘உஸ்’ என்று காற்றுதான் போனது, கீழே சோப்பு வரவில்லை. அவர் அழுத்துவது நிதானமாக. அந்த நிதானத்துக்குள் காற்றெல்லாம் தப்பிவிடுகிறது. நான் வெடுக்கென்று அழுத்தினால் கொஞ்சமாவது வந்தது. அப்போதுதான் பொறி தட்டியது. வெயில் தள்ளுவது மணிக்கணக்கில், அம்மா தள்ளுவது இரண்டு விநாடியில். மணிக்கணக்கில் கசியவும் இரண்டு விநாடியில் தப்பாமல் இருக்கவும் ஏற்ற பொடித் துளை வேண்டும்.

அப்பாவின் இன்சுலின் ஊசி 31 கேஜ், கால் மி.மீ. கனம். பிரிக்காத ஊசி ஒன்றைக் கேட்டேன். “அதுக்கும் காசு கொடுக்கணும்ப்பா” என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். இன்னொரு 40 ரூபாய் பாட்டில், நுனியை மட்டும் சூடு காட்டி ஒரே குத்து. காதருகே வைத்து அழுத்தினால்தான் கேட்கும் அளவுக்கு மெல்லிய சத்தம். சோப்பு அளவாக வந்தது. துளை வழியாகவும் காற்று திரும்பி வருவதால் பாட்டில் முன்னைவிடச் சீக்கிரம் உப்புகிறது.

ஒன்பது நாள் ஆகிறது. பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது, வெயில் அதேதான், மேடை காய்ந்து கிடக்கிறது. அம்மா உள்ளங்கையால்கூட அழுத்துவதில்லை, முழங்கையால் ஒரு இடி இடிக்கிறார். கிளாம்பின் ஸ்க்ரூ ஒன்று ஏற்கெனவே ஆட ஆரம்பித்துவிட்டது, அதற்குச் சுவர்த் துளைக்குள் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் ராவல் பிளக் பெரிதாகப் போட வேண்டும். இரவில் வால்வின் கீறலில் சோப்பு காய்ந்து ஒட்டிக்கொள்வதால் காலையில் முதல் இடிக்குச் சில நேரம் பக்கவாட்டில் பீய்ச்சுகிறது. நேற்று என் சட்டையில் அடித்தது. படுக்கப் போகும்முன் ஈர விரலால் ஒரு தடவை துடைத்துவிட்டால் சரியாக இருக்கிறது. நேற்று நான் மறந்துவிட்டேன்.