இ-டைப்பா, 911-ஆ? காருக்கு அடியில் படுத்துப் பார்த்துச் சொல்கிறேன்

ஜாகுவார் இ-டைப், போர்ஷே 911. பழைய கார் சேகரிக்கும் நண்பர்கள் இந்த இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டால், "அடியில் படுத்துப் பார்த்தீர்களா?" என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

அழகுப் போட்டி 1961 மார்ச்சில், ஜெனீவாவில் இ-டைப்பைக் காட்டிய அன்றே முடிந்துவிட்டது. விமானத் தொழிலிலிருந்து வந்த மால்கம் சேயர், காற்று எப்படி வழுக்கிப் போகும் என்று கணக்குப் போட்டு வரைந்த உடல் அது.

ஓட்டுவதற்கு 911தான். 1963-இல் 901 என்ற பெயரில் காட்டினார்கள். நடுவில் சுழி வரும் மூன்றிலக்கப் பெயர்கள் தங்களுடையவை என்று பிரெஞ்சு கார் நிறுவனமான பெஷோ தடுத்ததால் 911 ஆயிற்று. இரண்டு லிட்டர், 130 குதிரைத்திறன், பின்பக்கத்தில் உட்கார்ந்து காற்றிலேயே குளிரும் இன்ஜின். சாலையில் கிடக்கும் கல்லைக்கூட ஸ்டியரிங் கைக்குச் சொல்லிவிடும். ஆனால் வளைவின் நடுவே பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வீசிக்கொண்டு போகும். 1969 மாடலில் பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிய பிறகு அந்த முரட்டுத்தனம் குறைந்தது. சேகரிப்பவர்கள் தேடுவதென்னவோ அதற்கு முந்தைய குட்டைக் காரைத்தான்.

இ-டைப்பில் முன்பக்கம் முழுவதும் எஃகுக் குழாய்களால் ஆன ஒரு சட்டம். இன்ஜினும் முன்சக்கரங்களும் அதில்தான் நிற்கின்றன. குழாய்க்குள் ஈரம் தங்கி, துரு உள்ளேயிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளக்கும். ஒருமுறை கண்ணாடி மாதிரி மின்னிய சிவப்புக் கார் ஒன்றின் குழாயை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். ணங், ணங் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் தொப்பென்று மாறியது. நுனியை வைத்து அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. "மேல் துருதான் சார்" என்றார் விற்பவர். அந்தக் குழாயை நம்பி மணிக்கு நூறு கிலோமீட்டரில் யாரோ போகப் போகிறார்களே என்று வயிறு கலங்கியது.

சிக்கல் இதோடு நிற்கவில்லை. காரின் அடையாளமான, அசலா என்று சேகரிப்பவர்கள் பார்க்கும் சேசிஸ் எண்ணைப் பொறித்திருப்பதும் அந்தச் சட்டத்தின் முன்பகுதியில்தான். மாற்றினால் அசல் எண் போகும். மாற்றாவிட்டால் உயிருக்கு ஆபத்து. அதற்காகவே அரித்த சட்டத்தின் மேல் பெயின்ட் அடித்து "எண்கள் எல்லாம் பொருந்துகின்றன" என்று விற்கிறார்கள். கோபம் வருகிறது எனக்கு. போல்ட் போட்டுப் பிணைத்த சட்டம் அது, கழற்றிப் புதிதாக மாட்டலாம். 911-இல் அந்த வசதி கிடையாது. அடித்தளத்தில் துரு ஏறினால் வெட்டி வெல்டிங் வைக்க வேண்டும். உள்ளே என்ன ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பது வெட்டிய பிறகுதான் தெரியும்.

அதனால் என் ஓட்டு இ-டைப்புக்கு. அதிலும் 1964 கடைசியில் வந்த 4.2 லிட்டர். முந்தைய 3.8-க்குத்தான் மவுசு அதிகம், ஆனால் அதன் கியர்பாக்ஸில் முதல் கியருக்கு, பல்சக்கரங்கள் உரசாமல் சேர உதவும் சின்க்ரோமெஷ் இல்லை. மெல்ல ஊரும்போது அந்தக் கியருக்கு இறக்கினால் கறகறவென்று அரைக்கும். சட்டம் புதிதாக இருந்தாலும் பரவாயில்லை. மாற்றியதை மறைக்காமல் சொல்லி, எண் பொறித்த பழைய துண்டையும் துணியில் சுற்றிக் காரோடு கொடுப்பவரிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.