டர்னரின் பாக்கெட் நோட்டுகள்

லண்டனில் பிம்லிகோ ஸ்டேஷனில் இறங்கி தேம்ஸ் பக்கமாகச் சற்று நடந்தால் டேட் பிரிட்டன் கலைக்கூடம். ஆங்கிலேய ஓவியர் ஜே.எம்.டபிள்யூ. டர்னரின் பெரிய எண்ணெய் ஓவியங்களைப் பார்க்கத்தான் அங்குள்ள கிளோர் கேலரிக்குக் கூட்டம் வருகிறது. நான் போனது அவருடைய ஸ்கெட்ச் நோட்டுகளுக்காக. முன்பதிவு செய்திருந்தால் படிப்பறை மேசையில் எடுத்து வைத்துக் காட்டுகிறார்கள். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும்தான்.

1851இல் டர்னர் இறந்தார். உயில் வழக்கு இழுத்தடித்து முடிந்து, 1856இல் அவர் விட்டுச்சென்றவை நாட்டுக்குச் சொந்தமாயின. ஸ்கெட்ச் நோட்டுகள் மட்டுமே ஏறத்தாழ 300. உதிரித் தாள்களையும் சேர்த்தால் பல்லாயிரம். தகரப் பெட்டிகளில் ஈரம் பட்டும் எலி கடித்தும் கிடந்தவற்றை ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பிரித்து அடுக்கியவர் விமர்சகர் ஜான் ரஸ்கின். அந்தப் பொறுமைக்காகவே அவரைக் கும்பிடலாம்.

பல நோட்டுகள் கோட்டுப் பையில் அடங்குகிற அளவுதான். உள்ளே பெரும்பாலும் பென்சில் கோடுகள். நாலு இழுப்பில் ஒரு கோபுரம், அதன் கீழே படகுகள், வானத்தில் இன்ன நிறம் என்று அவசரக் கையெழுத்தில் ஒரு சொல். வண்ணம் தீட்டுவது பெரும்பாலும் பிறகு அறைக்குத் திரும்பித்தான். அந்த ஒளிவெள்ள ஓவியங்களுக்குப் பின்னால் இவ்வளவு கறாரான கணக்கெடுப்பு இருக்கிறது என்பது எனக்குப் பெரிய வியப்பு.

என்னை அதிகநேரம் நிறுத்திவைத்தவை தீயைக் காட்டும் ஒன்பது நீர்வண்ணங்கள். 1834இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் எரிந்ததன் சித்திரங்கள் என்றே வெகுகாலம் நம்பப்பட்டவை. பிறகு டேட்டின் ஆய்வாளர்கள் கட்டட அமைப்பையும் மற்ற விவரங்களையும் ஒப்பிட்டு, இது 1841 அக்டோபரில் லண்டன் டவரின் ஆயுதக் கிடங்கு எரிந்த காட்சி என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒரு தாளின் ஈர வண்ணம் காயுமுன்பே அடுத்ததற்குத் தாவிய வேகம் தெரிகிறது. ஆரஞ்சும் கறுப்பும் ஒன்றில் ஒன்று கரைந்து ஓடுகின்றன. முடித்து, சட்டமிட்டு மாட்டிய எந்த ஓவியத்தைவிடவும் இவற்றையே நான் உயர்வாக வைப்பேன்.

போக நினைப்பவர்கள் டேட் இணையதளத்தில் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, வேண்டியதன் எண்ணைக் குறித்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். 1819 இத்தாலிப் பயண நோட்டுகளில் தொடங்கலாம்.